தாழம்பத்தை வெட்டின வீடு

சோளகக் காற்று பலத்திருந்த ஒரு காலை, மண்கும்பானில் இருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் பெரிய துணிமூட்டை.

“வீட்டை மண்ணுக்குக் குடுத்திட்டு வாறன் அக்கா,” என்றாள் அவள்.

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். “என்ன பிள்ளை சொல்லுறீர்?”

“கடற்கரைப் பக்கம் தாழம்பத்தை நிண்டதெல்லே? பாம்பு வருகுதெண்டு இவர் அடியோடை வெட்டிப்போட்டார். காத்திலை வந்த மண்ணையெல்லாம் அந்தப் பத்தைதான் பிடிச்சு, தன்னைச் சுத்திப் பிட்டியாய்க் குவிச்சு வைச்சிருந்தது. இப்ப அந்தப் பிட்டி முழுக்க வீட்டுக்குள்ளை வந்து கொட்டுது. குசினி அடுப்பிலை, பாயிலை, சோத்திலை எல்லாம் மண். கூட்டிக் கூட்டி எனக்கு ஏலாமல் போச்சு.”

“திரும்ப நடலாம்தானே?”

“நட்டனாங்கள். நட்டதையும் மண் மூடிப்போட்டுது. ஒரு கண்டுதான் தப்பி நிக்குது. அதின்ரை அடியிலை இப்பதான் ஒரு சாண் மண் பிடிச்சிருக்கு.”

“அது பத்தையாக வருஷக்கணக்காகுமே.”

“ஓம். அது வளருமட்டும் தங்கச்சி வீட்டிலை இருக்கப்போறன்.”

“அவர் வரேல்லையோ?”

“கூப்பிட்டனான். ஆடு கடிச்சுப்போடும் எண்டு அந்தக் கண்டுக்குப் பக்கத்திலை குந்திக்கொண்டிருக்கிறார். சோறு கொண்டுபோய்க் குடுத்தனான். அதுக்குள்ளையும் மண். மண்ணோடையே சாப்பிட்டு முடிச்சார்.”

“அவரிலை கோவமோ?”

“கோவிக்கவும் ஏலாமல் கிடக்கு அக்கா. நித்திரைதான் வருகுது.”

பஸ் கடல்பாலத்தில் ஏறியபோது, அவள் மூட்டையில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மூத்தவள் எட்டி, காற்று வந்த ஜன்னலை மெல்ல இழுத்துச் சாத்தினாள்.