அட்டிலியோவின் காது

ஓபோக் குழல் ஊதுகிறவனுக்கு ஊதுவதைவிடச் சீவாளி செய்வதிலேயே பாதி ஆயுள் போய்விடும். கடையில் விற்கும் சீவாளி எதற்கும் உதவாது. நாணலை நாமே பிளந்து, கட்டி, சுரண்டி, நுனியை நறுக்க வேண்டும். அதனால் என் சட்டைப்பையில் ஒரு சின்னக் கத்தியும் ஒரு சின்ன அரமும் எப்போதும் இருக்கும். நீங்கள் கேட்ட அரம் இதுதான், வக்கீல் ஐயா. வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொன்று இருக்கிறது.

அட்டிலியோ கர்பானோவைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிராவிடன்ஸ் நகரத்து முடிதிருத்துபவரின் மகன், பெரிய இசைக்குழுவையே ஒரு குச்சியால் நடத்தியவன், நியூயார்க் கேட்டு வாங்கும் அளவுக்கு இசை எழுதியவன். நானும் அவன் பிறந்த அதே ஃபெடரல் ஹில் என்ற இத்தாலியர் பேட்டையில் பிறந்தவன்தான். கார்மேல் மாதா ஊர்வலத்தில் இரண்டு பேரும் ஒரே பேண்டில் ஊதிக்கொண்டு நடந்திருக்கிறோம். அவன் சுமாராகத்தான் ஊதுவான். இதை எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை, நீங்களாவது எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் என்னை மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறக்கவில்லை. இசைக்குழு கைக்கு வந்ததும் முதல் வேலையாக என்னைக் கூப்பிட்டு ஓபோ வரிசையில் முதல் நாற்காலியைக் கொடுத்தான். மகளுக்கு என்னையே ஞானத்தந்தை ஆக்கினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் ‘கும்பாரே’, நானும் அவனை அப்படித்தான் கூப்பிடுவேன். தன் சிம்பொனியில் எனக்கென்று ஒரு மெட்டு எழுதினான். நான் வாசித்தேன், அரங்கம் அழுதது. கர்பானோவின் மெட்டு கல்லையும் கரைக்கிறது என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. மூச்சு என்னுடையது, பெயர் அவனுடையது. அந்தப் பத்திரிகையை அவனே கத்தரித்துக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"பாத்தியாடா, நம்ம மெட்டு."

அந்த ‘நம்ம’வைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அவன் வீட்டில்தான். பாஸ்தா, இறைச்சி உருண்டை, அவனே நிலவறையில் போட்ட ஒயின். சாப்பிட்டு முடித்ததும் ஒரு வித்தை காட்டுவான். கண்ணை மூடிக்கொண்டு ‘லா’ என்ற ஸ்வரத்தைப் பாடுவான். பிறகு இடுப்புச்சட்டையிலிருந்து, இதோ உங்கள் மேசைமேல் இருக்கிறதே, இந்த எஃகுக் கவையை எடுத்து முழங்காலில் தட்டுவான். இது அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும்தான் ஒலிக்கும். இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்கும். அவன் மனைவி எர்சீலியா முதல் தடவை பார்ப்பவள்போலக் கைதட்டுவாள். நானும் தட்டுவேன். நான் உழைத்துச் சம்பாதித்த காது அவனுக்குப் பிறக்கும்போதே சும்மா கிடைத்திருந்தது. வயிறு எரியும். ஒயின் புளிப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

இசைக்குழு மொத்தமும் ஓபோ கொடுக்கும் ‘லா’வை வைத்துத்தான் ஸ்ருதி சேர்க்கும். ஒருநாள் ஒத்திகைக்கு முன் சீவாளியின் நுனியைக் கொஞ்சம் கூடுதலாக நறுக்கினேன். நுனி குறைந்தால் ஸ்ருதி ஏறும். அவனுக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். வேறு யாருக்கும் தெரியவில்லை. அவன் மட்டும் மேடைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"ஏறிப்போச்சுடா நுன்சியோ. ஞாயித்துக்கிழம குடிச்சது இன்னும் எறங்கலையா?"

கவையைத் தட்டி எல்லோருக்கும் காட்டினான். குழுவே சிரித்தது. டிரம்பெட்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

அந்த இலையுதிர்காலத்தில் வழக்கம்போல அவன் நிலவறையில் திராட்சை பிழிந்தோம். இடுப்புச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தான். கவை அதற்குள் இருந்தது. கவையின் முனைகளை அரத்தால் தேய்த்தால் அதன் ஸ்ருதியும் ஏறும். அவனும் மைத்துனனும் பிழிபொறியைச் சுற்றிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தார்கள். அரம் போட்ட சத்தம் அதில் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் கண்ணை மூடிப் பாடினான், கவையைத் தட்டினான். கவை மேலே நின்றது. கைதட்டுவதற்காகத் தூக்கிய கையை எர்சீலியா அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து பியானோவைத் தொட்டுப் பார்த்தான்.

"பியானோ நான் பாடினதுக்கு ஒத்து வருதேடா."

"பியானோ மரம். அடுப்புச் சூட்டுக்கு எறங்கத்தான் செய்யும். எஃகு எறங்குமா?" என்றேன்.

யோசித்தான். எஃகை நம்பினான். மறுநாளே அந்தக் கவையை வைத்துப் பியானோவை ஏற்றிக் கட்டினான். நானும் சீவாளியை அதற்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி, குழுவை மேலே கொண்டுவந்தேன். கம்பி அடிக்கடி அறுகிறது என்று வயலின்காரர்கள் குளிரைத் திட்டினார்கள். கவை, பியானோ, குழு எல்லாம் ஒரே பேச்சு பேசின. அவன் காது மட்டும் வேறு சொன்னது. வயதானால் சிலருக்கு ஸ்வரம் ஏறிக் கேட்கும் என்று டாக்டர் சொன்னார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஒரு ஒத்திகையில் குச்சியைத் தூக்கியவன் இறக்கி வைத்துவிட்டு வெளியே போனான். நியூயார்க்குக்காக எழுதிய ஆபெரா என்ற இசைநாடகம் முடிந்திருந்தது. இன்னும் அனுப்பவில்லை, வேறு பிரதியும் இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்கு வந்தான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நீ எங்கிட்ட பொய் சொல்ல மாட்டே. காதே கெட்டுப்போச்சுன்னா, அத நம்பி எழுதினதும் கெட்டதுதானே? இல்ல, உன் காது சரியாத்தான் இருக்குன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே ரயிலேறிடறேன்."

எல்லாம் சேர்ந்து ஏறினால் இசை கெடாது. இது ஆரம்பப் பாடம், அவனுக்குத் தெரியாததல்ல. பயந்துபோனவனுக்கு மறந்துவிட்டது. ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

"ஊர் சிரிக்கறதுக்கு முன்னாடி விட்டுடு, கும்பாரே," என்றேன்.

ஆபெராவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அவன் வீட்டு நிலவறைக்குப் போனோம். மாடிப்படியிலிருந்து எர்சீலியா அழுதாள். "கும்பாரே, நீங்களாவது தடுங்களேன். நீங்க சொன்னா கேப்பாரே." சொன்னால் கேட்பான் என்பது உண்மைதான். கரியடுப்பின் கதவை நான்தான் திறந்தேன். தாள்களையும் நான்தான் போட்டேன்.

அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் சீட்டியடிக்கக்கூட அவன் விடவில்லை. சரியாகச் சாப்பிடவில்லை. குளிர்காலம் முடியும்முன் போய்விட்டான். இதயம் என்றார் டாக்டர். பியானோவை வாங்க வந்தவன்தான் கவையில் அரம் பட்டிருப்பதைக் கண்டுபிடித்தானாம். கெட்டிக்காரன்.

ஆமாம், செய்தது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பொறாமை என்று எழுதும்படி எர்சீலியா சொல்லியிருக்கிறாளே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். ஆபெராவின் கடைசிக் காட்சியில் ஓபோவுக்கு ஒரு நீண்ட மெட்டு இருந்தது. மேலே ‘என் நுன்சியோவுக்கு’ என்று எழுதியிருந்தான். அந்தத் தாளை மட்டும் மனப்பாடம் ஆகும்வரை கையில் வைத்திருந்துவிட்டு அடுப்பில் போட்டேன். அவன் எழுதியதிலேயே அதுதான் உயர்ந்தது. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறேன். உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. இன்றைக்கு அது என் மெட்டு. இனி நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும், சொல்லுங்கள்.