சகுந்தலாவுக்குச் செய்த நாற்காலி

சோபா உறைக்கு எட்டு மீட்டர் போதும் என்று துணிக்கடையில் சொல்வார்கள். நம்பக் கூடாது, ஐயா. பூப்போட்ட துணி என்றால் பூவுக்குப் பூ சேர வேண்டும், பத்து மீட்டராவது வாங்கிவிட வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் சகுந்தலா. என் மனைவி. போன ஐப்பசியில் இறந்துபோனாள். அவளைப் பற்றித்தான் எழுதிக் கொடுக்க வந்திருக்கிறேன். காகிதம் கொடுத்து, மேசை ஓரமாக உட்கார வைத்ததற்கு நன்றி.

என் பெயர் அருணகிரி. மலை மேலே புதூர்நாட்டில் வீட்டிலேயே சோபா, நாற்காலி பிரித்துக் கட்டும் வேலை. முதலில் ஜீப் சீட்டுகள் மட்டும் தைத்துக்கொண்டிருந்தேன். சகுந்தலா திருப்பத்தூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகு அவள் உறை தைப்பாள், நான் சட்டம் அடித்து, நாடா இழுத்துக் கட்டி, பஞ்சு அடைப்பேன். முன் அறையில் அவள் மிஷின், பின்னால் என் சுத்தியல். பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருஷம் ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மிஷின் சத்தம் நின்றால் நான் எட்டிப் பார்ப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவளுக்கு மூச்சிரைப்பு வந்தது. திருப்பத்தூர் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பஞ்சுத் தூசி அம்மாவுக்கு ஆகவே ஆகாதுங்க. கொஞ்ச நாளு கீழ இருக்கட்டும்” என்றார். கீழே அவள் தம்பி சிவசங்கர் வீட்டில் ஒரு மாதம் இருந்தாள். திரும்பி வந்தபோது கன்னம் பூசினாற்போல இருந்தது. தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்கினாள்.

அந்த ஒரு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. மிஷின் மூடிக் கிடந்தது. ஒருவனுக்கு எவ்வளவு களி கிண்டுவது என்று தெரியாமல் தினமும் மிஞ்சிப்போனது.

வந்த மறுவாரமே அவள் பேச்சை எடுத்தாள்.

“இன்னாங்க, நாம கீழயே போயிடலாங்க. தம்பி வூட்டுப் பக்கத்துல ஒரு போர்ஷன் காலியா கீது. அங்க எனக்கு மூச்சு நல்லா வருது.”

“பாக்கலாம்” என்றேன்.

“நீங்க வராட்டியும் பரவால்ல. நான் மட்டும் கொஞ்ச நாளு இருந்துட்டு வர்றேங்க.”

சண்டையாகச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். நான்தான் அந்த வார்த்தையைப் பல நாள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு யோசனை சொன்னேன். இனி வீட்டில் பஞ்சே வேண்டாம், ஃபோம் மட்டும் போட்டு வேலை செய்வோம், ஒரு வருஷம் பார்ப்போம் என்று. ஒப்புக்கொண்டாள். மலைக்குத் திரும்பியதிலிருந்து படுத்தால் அவளுக்கு மறுபடி மூச்சு முட்டும், சாய்ந்துதான் தூங்க முடியும். அதற்காக ஒரு நாற்காலி செய்தேன். பலா மரத்தில் சட்டம். முழங்கால் உயரத்தை அளந்து இருக்கை. தலை சாய உயரமான முதுகு. கை வலிக்காமல் வைத்துக்கொள்ள அகலமான கைப்பிடி. வேறு எந்த வேலைக்கும் நான் அவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதில்லை.

உட்கார்ந்து பார்த்துச் சிரித்தாள். இழுத்துப் போட முயன்றபோது மட்டும், “இன்னாங்க இவ்ளோ கனமா கீது?” என்று கேட்டாள்.

“பலாக் கட்டையாச்சே” என்றேன்.

பலாக் கட்டை அவ்வளவு கனக்காது. மேலே அரை அங்குலம் ஃபோம் வைத்திருந்தேன். கை வைத்தால் அதுதான் தெரியும். அதன் கீழே, முதுகிலும் இருக்கையிலும் கைப்பிடிகளிலும் பழைய இலவம்பஞ்சு. ஊரில் கழித்துப்போட்ட மெத்தைகளைப் பிரித்து எடுத்து, கல் போல இறுக்கி அடைத்தது. மழையில் நனைந்து காய்ந்து, பூசணம் பிடித்து, தட்டினால் புகை போல எழும்பும். உறைக்கு ரெக்சின் போட்டிருக்கலாம். ஆனால் ரெக்சின் தூசியை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நெருக்கமில்லாமல் நெய்த பச்சைப் பருத்தித் துணி போட்டேன். மெத்தென்று இருக்கிறது என்று அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. மலை இறங்கத் தெம்பு இல்லாமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த அளவு கைக்குள் நிற்கும் என்று நம்பினேன். நிற்கவில்லை. இதைக் கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன்.

ஆனால் அவளை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். மருந்து தீர விட்டதில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கஞ்சி ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். பக்கத்து வீட்டுச் செவ்வந்தி, “உங்கள மாதிரி யாருங்க பாப்பாங்க” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அது பொய்யில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவளுக்கு இரைப்பு அடங்கவே இல்லை. ஜீப் வந்தது. பாதி மலை இறங்குவதற்குள் என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டாள். மூச்சு நோய்க்காரி என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சிவசங்கர் வந்தான். நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே நின்றான். “மாமா, அக்கா உக்காந்த சேரு. நான் எடுத்துனு போறேன். எம்பொண்ணு தேவயானிக்கும் படுத்தா மூச்சு வாங்குது. இதுல சாஞ்சி தூங்கட்டும்.” அடுத்த வாரம் வண்டியோடு வருவதாகச் சொன்னான். சரி என்றேன்.

உள்ளே இருப்பதை மாற்றிவிட்டுக் கொடுத்துவிடலாம் என்று மறுநாள் காலை நாற்காலியை முற்றத்துக்கு இழுத்து வந்தேன். பிரிக்கக் கத்தியை வைத்தபோது, முதுகின் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது என் தையல் இல்லை. சகுந்தலா இடது கைக்காரி. அவள் கைத்தையல் எனக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும். பிரித்திருக்கிறாள். உள்ளே பார்த்திருக்கிறாள். அதே பச்சையில் நூல் எடுத்து, வெளியே தெரியாமல் தைத்து வைத்திருக்கிறாள். அந்த நூல்கண்டை நான் ஆடி மாதத்தில் வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு எழுந்து நின்று ஊசி பிடிக்கும் தெம்பு அவளுக்குச் சில நாள்தான் இருந்தது.

மாற்றிக் கொடுக்க மனம் வரவில்லை. அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். வெளியே வேப்ப மரத்தடியில் இருக்கிறது. அந்தக் குழந்தை வீட்டுக்கு அது போக வேண்டாம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னோடு இருக்கவே விரும்பினாள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆடியிலிருந்து ஐப்பசி வரை அந்த மூன்று மாதமும், “தம்பிய ஒரு தபா வரச் சொல்லுங்க” என்று அடிக்கடி கேட்டாள். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது, மேட்டுக்குப் போய்த்தான் பேச வேண்டும். போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்து, அவனுக்கு வேலையாம் என்பேன். மழைக்காலத்தில் அவனை எதற்கு அலைய விடுவது. சில நாள் நாற்காலியிலிருந்து தானே இறங்கி, தவழ்ந்து, வாசற்படி ஓரம் தரையில் போய் உட்கார்ந்துகொள்வாள். சில்லென்ற தரை அவள் உடம்புக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் நான்தான் பக்குவமாகத் தூக்கி வந்து நாற்காலியில் சாய்த்து வைத்தேன். கனமே இருக்க மாட்டாள். இறக்கி வைக்கும்போது என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு பாசம் அவளுக்கு.