பென்சிலில் எழுதாத சீட்டு

என் கையெழுத்து அழகானது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் அதைப் பேனாவில் எழுதித் தொலைத்தேன். மீன் போட்ட புட்டிக்குள் இடும் சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். மீன் கெடாமலிருக்க ஊற்றும் ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும். பதினாறு வருடமாகப் புதியவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவன் நான். அன்று பென்சில் முனை ஒடிந்திருந்தது, சீவச் சோம்பல். மறுநாள் இரண்டு புட்டியிலும் வெள்ளைச் சீட்டு நீந்திக்கொண்டிருந்தது. எது கிழக்கு ஏரி, எது மேற்கு ஏரி என்பது மீன்களுக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு ஏரித் தண்ணீரும் குழாயில் வீடுகளுக்குப் போகிறது. மீனின் இடத் துடுப்பிலும் வலத் துடுப்பிலும் உள்ள முள்ளை எண்ணுவது என் வேலை. தண்ணீர் கெட்டால் குஞ்சிலேயே உடம்பு கோணும், இரு பக்கமும் ஒத்துப்போகாது என்பார்கள். ஒரு புட்டியில் எல்லாம் ஒழுங்கு. மற்றதில் நாற்பதுக்கு முப்பத்தொன்று கோணல். மறுபடி வலை போட ஒரு நாள் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்கள், சிரிப்பார்கள். நான் கூச்ச சுபாவி. எல்லா மீனுக்கும் இரு பக்கமும் ஒரே எண்ணை எழுதிவிட்டேன், அழகாக.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைமை ஆய்வாளரே சொல்லியிருக்கிறார்: "கோணலை நம்பி ஏரியை மூட முடியாதுய்யா. சில மீன் பிறவியிலயே அப்படி. சில சமயம் எண்ணறவன் கண்ணுதான் கோணல்." நிச்சயமில்லாத ஒன்றுக்கு நான் எப்படிப் பொறுப்பு?

மேற்கு ஏரிப் பக்கம் இருக்கும் தங்கையிடம் மட்டும் அன்று மாலையே கேன் தண்ணீர் வாங்கச் சொன்னேன்.

"ஏண்ணா, தண்ணிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சொன்னா கேளு."

"அப்ப பக்கத்து வீட்லயும் சொல்லிடறேன். அந்த வாலு எப்பப் பாரு குழாய்லதான் வாய வச்சிருக்கு."

"ஊரைக் கூட்டாதே."

வாலுக்கு நான்கு வயது. என்னை மீன் மாமா என்பாள்.

மூன்றே மாதத்தில் மேற்குத் தெருக்களிலிருந்து பதினேழு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாலு எப்படி இருக்கிறாள் என்று டாக்டரைக் கேட்டேன், காகிதத்தைப் புரட்டினார். தலைமை ஆய்வாளரைக் கேட்டேன், கண்ணாடியைத் துடைத்தார். உங்களைக் கேட்டேன், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். இன்று காலை தங்கை இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

"வாலு எப்படிம்மா இருக்கா?"

"முந்தாநாளே போயிட்டா. நீ எனக்குக் கேன் வாங்கச் சொன்னத, அவ போனப்புறம் அவ அம்மாகிட்ட நான்தான் சொன்னேன்."