பன்னிரண்டாவது வயிறு

ரங்கூன் மழையில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை, ஐயா. வேட்டி காயாது, செருப்பு காயாது, புண்ணும் காயாது. கூலிகள் வார்டின் சீழ் வாடை என் சட்டையோடு வீடுவரை வரும். வீட்டில் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டிருந்தேன்.

நான் அங்கே உதவி சர்ஜன். எங்கள் பெரிய டாக்டர் திறந்த வயிற்றை மூடும்போது, சாக்கு தைப்பதுபோல ஒரே நூலில் ஓட்டிக்கொண்டே போவார். நான் ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சிட்டு வெட்டுவேன். எது தாங்கும் என்று 1926 ஜூனில் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். அவர் தைத்த பன்னிரண்டு பேர், நான் தைத்த பன்னிரண்டு பேர். வைத்தியப் பத்திரிகைக்கு எழுத ஆசை.

படுத்தே கிடப்பவன் வயிற்றில் எந்தத் தையலும் நிற்கும். ஆகவே ஆறாம் நாள் எல்லோருக்கும் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி கொடுத்தேன். சளி இறங்கும் என்று சொன்னேன். தும்மினார்கள். அவர் தைத்தவர்களில் மூன்று பேருக்கு வயிறு பிரிந்தது. கட்டுத்துணிக்குள் குடல் வெதுவெதுப்பாக வந்து கிடக்கும். நாற்றம்கூடப் பழகிவிட்டது, குடலைக் கையால் மூடிக்கொண்டு அவர்கள் என்னைப் பார்ப்பதுதான் சகிக்காது. மூவரும் இறந்தார்கள். என் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

ஆனால் என் பக்கம் பதினொருவர்தான் சேர்ந்திருந்தார்கள். ஆகஸ்டில், அலோன் கப்பல்துறையில் மூட்டை தூக்கும் அய்யாசாமி வயிற்றுவலி என்று வந்தான். பூச்சி வலி, விளக்கெண்ணெய் போதும். பெரிய டாக்டர் விடுப்பில் இருந்தார். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது என்று சொல்லித் திறந்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. அழகாக மூடினேன்.

ஆறாம் நாள் பதினேழு தும்மல். தாங்கியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தும்மலை மட்டும் தாங்கும் வயிறு கூலிக்காரனுக்கு எதற்கு? எட்டாம் நாள் சமையற்கட்டிலிருந்து ஓர் அரிசி மூட்டையைக் கொண்டுவரச் சொன்னேன்.

அவன் மனைவி தைலம்மாள் கஞ்சிச் சட்டியோடு நின்றிருந்தாள். வார்டில் என்னைப் பர்மிய வழக்கப்படி சயா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"சயா, சிரிச்சாலே வயித்தப் புடிச்சுக்கிறாரு. மூட்டைய எப்படித் தூக்குவாரு?"

"தூக்கினால்தான் வேலைக்குப் போகச் சீட்டு எழுதுவேன்" என்றேன்.

"சயாவுக்குத் தெரியாதா? நீ சும்மா இரு, புள்ள" என்றான் அய்யாசாமி. குனிந்து தூக்கினான்.

ஈரத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம். சட்டி விழுந்து உடைந்தது. கஞ்சியில் வந்து விழுந்ததை அவள் இரண்டு கையாலும் வாரி, அவன் வயிற்றுக்குள் தள்ளப் பார்த்தாள். போய்க் கை கழுவினேன். நான் எதையும் தொட்டிருக்கவில்லை. மறுநாள் மாலை அவன் இறந்தான்.

நான்கு பேரையும் நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். தையல் விட்டுப்போனதாகத் தைலம்மாள் சொல்லியிருக்கிறாள். அது தவறு. பிணத்தை நானே திறந்து பார்த்தேன். பதினான்கு முடிச்சுகளும் போட்டது போட்டபடியே இருந்தன. கிழிந்தது அவன் சதைதான்.