ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு மெழுகுதிரி

கல்லறைத் திருநாளன்று பண்டாரவளையிலிருந்து ஹாலிஎல போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் மடியில் மெழுகுதிரிப் பெட்டி.

“ஸ்ட்ராபெரித் தோட்டத்துக்கு எதுக்குக்கா மெழுகுதிரி?” என்றாள் இளையவள்.

“எங்கம்மா அங்கதானே இருக்கு.”

“அது தேயிலை மலைன்னுல்ல சொன்னாங்க?”

“மொதல்ல கோப்பியாம், அப்புறம் தேயிலை. அந்த மலை ஓரத்துலதான் எங்காளுங்கள பொதைப்போம். தேயிலை காடாப் போனதும் யாரோ கம்பெனிக்காரன் எடுத்து, எல்லாத்தையும் வெட்டிக் கொத்தி, கறுப்பு பிளாஸ்டிக் விரிச்சுப் பழம் போட்டுட்டான். மரச்சிலுவைதானே, உக்கிப்போச்சு. யாரு கேக்கிறது?”

“உள்ள கொளுத்த விடுவாங்களா?”

“பிளாஸ்டிக் உருகிருமாம். கேட்டுக்கு வெளிய வச்சுக்கச் சொல்லிட்டாங்க.”

பஸ் வளைவில் சாய்ந்தது. மூத்தவள் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்குப் பொறகும் அங்கயேதான் பழம் பறிக்கிற வேலைக்குப் போறீங்களாக்கா?”

“போகாம? அம்மா இருக்கிறது சவுக்கு மரத்துக்கு நேரா, ஆளுங்க நடக்கிற எடத்துல. அந்த வரிசைய நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். மத்தவங்க தெரியாம மிதிச்சிருவாங்க. நான்னா தாண்டிப் போவேன்.”