ஒன்பதாம் அத்தியாயத்துப் பிழை

முன்னுரையைக் கடைசியில்தான் படிப்பேன், சார். நாவல் தன் காலில் நிற்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும்.

இந்த வருடம் படித்த எதுவும் நிற்கவில்லை. ஒன்றில் எல்லோரும் ஆசிரியரைப் போலவே பேசுகிறார்கள். இன்னொன்றில் மழை பெய்தால்தான் யாருக்காவது அழுகை வருகிறது. மூன்றாவது ஆம்பூரில் நடக்கிறது. எழுதியவர் பேருந்து ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்திருக்கிறார். நான்காவது இன்னும் அச்சாகவில்லை. என் நண்பன் புகழேந்தி எழுதியது. அதனால் அதிகம் வருத்தியது.

இருவரும் தமிழ் எம்.ஏ. ஒன்றாகப் படித்தோம். அவன் ஷூ கம்பெனி அலுவலகத்துக்குப் போனான். நான் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பாதுகாப்பு மேற்பார்வையாளர்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு தொழிலாளி கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சாகிறான். கடைசி மூச்சுவரை நாற்றம் அவன் மூக்கைத் துளைக்கிறது. அது பொய். தொட்டியில் சேரும் விஷவாயு மிகுந்தால் முதலில் மோப்பம் போகும். பிறகுதான் ஆள் போவான்.

சொன்னேன். சிரித்தான்.

"இன்னா தோஸ்த், நாவலுக்கு லேப் ரிப்போர்ட் கேக்குற? நாத்தம் இல்லன்னா படிக்கிறவன் எப்பிடி பயப்படுவான்?"

"நீ தொட்டியப் பாத்திருக்கியா?"

"பாத்தாதான் எழுதணுமா? பேய்க்கதை எழுதுறவன்லாம் செத்துட்டா எழுதுறான்?"

மறுபடி மறுபடி விளக்கினேன். ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன் என்றான்.

தொட்டிக்குள் இறங்கிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை டேனரிக்கு வரச் சொன்னேன். விடுமுறை, யாரும் இல்லை. தொட்டியில் ஆள் இறங்க வேண்டுமென்றால் முந்தைய நாளே மூடியைத் திறந்து, காற்றடித்து, கருவியால் சோதித்து, நான் சரி சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் வழக்கம். நேற்றே எல்லாம் ஆயிற்று என்று அவனிடம் சொன்னேன். மூடியை நான் நெம்பியது அவன் வருவதற்குச் சற்று முன்புதான். சோதிக்கவும் செய்தேன். கருவி அலறியது. அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இடுப்புல கயிறு கட்டணுமாபா?" என்றான். வேண்டாம் என்றேன்.

முதல் படிகளில் முகத்தைச் சுளித்தான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"இன்னாபா, நாத்தமே காணோமே."

அவ்வளவுதான். விழுந்துவிட்டான். அவன் நாவல் முழுக்கத் தேடினாலும் அவ்வளவு உண்மையான ஒரு வரி கிடைக்காது.

கால் தவறி விழுந்தான் என்று முதலில் உங்களிடம் சொன்னேன். மோசமான கதை. கொன்றது நான்தான்.

அவன் மனைவி ஹேமலதா நாவலை அச்சிடப் போகிறாள். பிழை பார்க்க என்னிடம் தந்தாள். அவன் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தேன். வேறெதையும் தொடவில்லை. இன்னொருவர் எழுத்தில் கைவைக்க நமக்கு உரிமை கிடையாது, சார்.