ரெண்டாவது டம்ளர்

அந்த டம்ளர எடுத்துராதீங்கண்ணே. குடிக்கிற தண்ணி அங்க இருக்கு. இது சோதனைக்கு வச்சது, அசைக்காம கொஞ்ச நேரம் விடணும்.

லாரிய அணைச்சிடுங்க. இன்னைக்கு நாத்து லோடு ஏத்த வேணாம். கோபப்படாதீங்க, மொதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன். அந்த மருந்துல நனைச்ச சாக்கு மேலயே நில்லுங்க, கால்ல ஒட்டுன மண்ணு இந்த நாத்துப் பண்ணைய விட்டு வெளிய போகக் கூடாது.

வாடுனா தண்ணி ஊத்துங்கிறீங்க. நானும் ஊத்தத்தான செஞ்சேன். ட்ரேயில மண்ணு சொதசொதன்னு கெடக்கு, தக்காளி நாத்து மட்டும் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குது.

தண்ணி இருந்தும் எப்படி வாடுதுன்னா? மண்ணுல ஒரு கிருமிண்ணே. அது மேல சர்க்கரையில வழவழன்னு ஒரு போர்வை. டீயில போடுறது இல்ல, இது ஒரு மாதிரி பசை. சிரிக்காதீங்க. அவரை வேருல முடிச்சு முடிச்சா நல்ல கிருமி குடியிருக்குமே, அதுவும் சர்க்கரையோடதான் வரும். அதப் பாத்துத்தான் வேரு கதவையே தொறக்கும். இந்தப் பாவியும் போத்திக்கிட்டு வருது, தக்காளி வேருக்குத் திருடன்னே தெரியல. உள்ள போய்ப் பெருகி, அந்தப் பசையாலயே தண்ணி ஏறுற வழிய அடச்சுரும். செடி தண்ணியில நின்னுக்கிட்டே தாகத்துல சாகுது.

அதான் உங்க லோடுல ஒரு தண்டு அறுத்து இந்த டம்ளர் தண்ணியில தொங்கவிட்டிருக்கேன். நோய் இருந்தா வெள்ளையா நூல் எறங்கும்.

ஒரு நாத்து போதும்ணே. கிருமி வயல்ல எறங்கிட்டா வருஷக்கணக்கா போகாது. அப்புறம் அந்த மண்ணுல தக்காளி, கத்திரி, மொளகா எதுவும் வைக்க முடியாது.

ஆமாண்ணே, பயமாத்தான் இருக்கு.

பாருங்க, வெட்டுன எடத்துல. பால் மாதிரி எறங்குதே, அதான்.

இது ரெண்டாவது டம்ளரு. மொத டம்ளர் அந்தா, ஜன்னல்ல. நீங்க வர்றதுக்கு முன்னாடியே அதுல எறங்கிருச்சு. காலையில போன லோடுல மிஞ்சுன நாத்து அது. இது சுத்தமா இருந்தா, அதுல நான்தான் ஏதோ தப்பா பாத்துட்டேன்னு மனசத் தேத்திக்கலாம்னு இருந்தேன்.

அந்தக் காலை லோடு எங்க போச்சா? என் தம்பி வயலுக்கு. அக்கா வேலை பாக்குற எடத்து நாத்துன்னு வேற எங்கயும் கேக்கக்கூட இல்ல அவன். இந்நேரம் பொண்டாட்டியோட குனிஞ்சு நட்டுக்கிட்டிருப்பான்.

அவன் நம்பர் எடுத்து வச்சிருக்கேன், அழுத்த விரல் வரல. நீங்க பேசுறீங்களாண்ணே?